கரி போட்ட பாதி

டீக்கடைக்குப் புதிதாக வந்த மாஸ்டர் கிளாஸை நர்ஸம்மாவின் கையில் கொடுத்து, "எப்படிங்க நர்ஸம்மா, டீ?" என்று கேட்டார். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நாளைக்கும் ஒருக்கா குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார். மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளும் அவர் வந்து குடித்தார். அன்றைக்கும் தீர்ப்பு வரவில்லை. "நேத்து வேற பாலுங்க, இன்னைக்கு வேற பாலு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த மாஸ்டர் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். திருச்செங்கோட்டுக்கு வடக்கே உள்ள அந்த ஊர், வேலை முடிந்து வந்த பிறகும் அவரை நர்ஸம்மா என்றே கூப்பிட்டது. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஈரோட்டில் இருந்தாள். பெற்றோர் விட்டுப்போன மேய்ச்சல் காட்டில் அவர் மேச்சேரி ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். காடு அவருக்கும் அவருடைய தம்பிக்கும் பொது. தம்பி ரிக் லாரி வைத்து வடநாட்டில் போர்வெல் போடும் தொழிலில் இருந்தார். பண்டிகை நோம்பிக்கு வருவார், காட்டை ஒரு சுற்று சுற்றுவார், போய்விடுவார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு வேளாண்மைப் பக்கத்துச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். மேய்ச்சல் நிலத்துக்குக் கரி போடும் ஒரு பெண்மணி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மண்ணில் இடுவதற்கென்றே காற்று அதிகம் படாமல் சுட்டு எடுக்கும் கரியை வேளாண் துறையினர் பயோசார் என்பார்கள். அது ஈரத்தையும் உரச்சத்தையும் மண்ணில் பிடித்துவைக்கும், புல் வளம் கூடும் என்று அவர்களுடைய துண்டறிக்கைகளில் படித்திருந்தேன். போட்டவர் ஒருவரின் வாயால் அதைக் கேட்டு எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது.

கிளுவை வேலி போட்ட காடு. அங்கங்கே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து இறங்கியது. அந்தச் சரிவிலேயே, நடுவாக, சுண்ணாம்பு அடித்த கற்கள் ஒரே வரிசையில் நட்டிருந்தன. கற்களுக்கு வடக்கே மண் கறுத்திருந்தது. தெற்கே அந்தப் பகுதிக்கே உரிய செம்மண், சுக்கான்கல் கலந்தது. பாதிக் காட்டுக்குக் கரி போட்டிருந்தார், பாதிக்குப் போடவில்லை. போட்ட பிறகு அப்போதுதான் முதல் மழை பெய்திருந்தது, புதுப் புல் இன்னும் எழவில்லை.

"போட்ட பக்கம் ஈரம் நல்லா நிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"நிக்குதுங்க."

"அப்ப கரி போட்டா நல்லதுன்னு எழுதிக்கலாமா?"

"அதெப்படிங் சாமி சொல்றது? இந்தத் தடவ மழ வடக்கால இருந்துதான வந்துச்சு."

அந்தக் காட்டின் வடக்கு மூலைக்கும் தெற்கு மூலைக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. மழை ஒரு பாதியில் பெய்து மறு பாதியில் பெய்யாமல் போகுமா என்று கேட்டேன். "போனாலும் போகுமுங்க. நான் அப்ப ஊட்டுக்குள்ள இருந்தேன்" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி செய்யவில்லை.

நோம்பிக்கு வந்திருந்த தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் திண்ணையிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கக்காகிட்ட உம் பேரென்னன்னு கேட்டீங்கன்னா ரேசன் கார்டப் பாத்துட்டுச் சொல்றேம்பா, சார்" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொய் சொல்ல மாட்டா. ஆனா உண்மையயும் அவகிட்ட இருந்து சீக்கிரத்துல வாங்க முடியாது" என்றார்.

நர்ஸாக இருந்த காலத்துக் கதைகளை ஊரில் பல பேர் சொன்னார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டால், தெரிந்த பாட்டிமார் எல்லாம் வயிற்றின் மேடு பார்த்து ஏதாவது சொல்வார்கள். இவர் சொல்ல மாட்டார். பிறந்த பிறகும் சொல்ல மாட்டார். குழந்தையைத் துடைத்து, தொப்புள் கட்டி, துணியில் சுற்றி, எடை பார்த்து, தாயின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபிறகும், வாசலில் நிற்கிற தகப்பன், "என்ன குழந்தைங்க?" என்று கேட்டால், "நீங்களே உள்ள போயிப் பாத்துக்கங்க" என்பாராம். அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டுகளில் அந்தப் பக்கத்துச் சில வீடுகளில் பெண் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கட்டுரைக்கு நல்ல தொடக்கமாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவரிடமே கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங். எங்கம்மாவும் இப்படித்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அதுவும் இருக்கலாம்" என்றார். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கரி சுடும்போது பார்த்திருக்கிறேன். வாய் அகன்று அடி குறுகிய குழி. காட்டோரத்தில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் காயப்போட்டிருப்பார். அடியில் நெருப்பு வைத்து, மேல் விறகில் சாம்பல் பூக்கத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த அடுக்கைப் போடுவார். அதற்கு மேல் அடுத்தது. குழி நிறைந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவார். விட்டால் சாம்பலாகிவிடும். அந்த வேலையில் மட்டும் அவருக்குத் தயக்கமே கிடையாது. "இப்ப ஊத்துங்க!" என்பார், ஊற்றாவிட்டால் குடத்தைப் பிடுங்கிக்கொள்வார். கரியை ஆறவைத்து மரக்கட்டையால் நொறுக்கும்போது மறுபடியும் பழைய ஆளாகிவிடுவார். இவ்வளவு பொடி போதுமா என்று கேட்டால், "போதுங்களான்னு புல்லுதான் சொல்லோணும்" என்பார்.

புல் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொன்றைச் சொன்னது.

முதல் ஆண்டு, சுட்ட கரியை அப்படியே கொண்டுபோய் வடக்குப் பாதியில் இறைத்துவிட்டார். மழை பெய்து தெற்கில் புல் பச்சையாக எழுந்தபோது வடக்கில் வெளிறி, மஞ்சள் பூத்து எழுந்தது. நர்ஸம்மா காட்டுக்கு மை வெச்சிருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேளாண் அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். பச்சைக் கரி மண்ணில் இருக்கும் சத்தையும் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், முதலில் அதற்குச் சாணமும் மூத்திரமும் ஊட்ட வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் மண் சுக்கான் மண், காரத்தன்மை கொண்டது, கரியும் அதே குணம்தான், அதனால் இங்கே பெரிய பலன் தெரியாமலும் போகலாம் என்று சேர்த்துச் சொன்னார்.

"அப்ப போடறதுங்களா, வேண்டாங்களா?" என்று அவர் கேட்டார்.

"போட்டுப் பாருங்கம்மா" என்றார் அலுவலர்.

அந்த அலுவலரை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "விசயந் தெரிஞ்ச ஆளு" என்று என்னிடம் சொன்னார். ஓர் ஆளைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் ஆண்டு கரியைப் பட்டியில் பரப்பினார். இரவெல்லாம் ஆடுகள் அதன்மேல் படுத்து, மிதித்து, நனைத்து ஊறவைத்தன. பட்டியில் மூத்திர நாற்றம் குறைந்தது உண்மை, நானே மோந்து பார்த்தேன். செம்பழுப்பு நிறத்தில் உள்ளே போன ஆடுகள் காலையில் வயிறு கறுத்து வெளியே வந்தன. குட்டி வாங்க வந்த வியாபாரி ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, "ஏனுங்க, மேச்சேரி ஆடு கறுப்பா எப்ப இருந்துங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பப் போனார். அவரைப் பிடித்து நிறுத்தி, ஓர் ஆட்டைக் கழுவிக் காட்ட வேண்டியதாயிற்று. ஊறிய கரியை வாரி வடக்குப் பாதியில் போட்டார். அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. இரண்டு பாதியும் ஒன்றுபோலக் காய்ந்தன.

மூன்றாம் ஆண்டு நல்ல மழை. இரண்டு பாதியும் ஒன்றுபோலத் தழைத்தன. மழை நின்று வெயில் ஏறியபோது வடக்கு சற்று அதிக நாள் பச்சையாக நின்றது போல எனக்குப் பட்டது. சொன்னேன். அவர் தெற்குப் பக்கத்து வெள்வேல மரத்தைக் காட்டினார். "நெழலு அங்கதான இருக்குது? நான் அங்கதான உக்கார்றேன்? ஆடு நான் இருக்கற பக்கந்தான மேயுது? அதனால அந்தப் பக்கம் கரையுது, இந்தப் பக்கம் நிக்குது" என்றார். நியாயம்தான். அப்படியானால் அடுத்த ஆண்டு நடுவில் உட்காருங்கள் என்றேன். "நடுவுல நெழலு இல்லீங்களே" என்றார்.

என் செய்தி ஆசிரியர் குழுவிலிருந்து ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. பலன் என்ன என்று கேட்டிருந்தார்கள். நான் அதை எழுதி முடிக்கவே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காட்டுக்குப் போவது பழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் தம்பி லாரியை விற்றுவிட்டு ஊரோடு வந்தார். ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பை இனி உடம்பு தாங்காது என்றார். அவரும் மேச்சேரிச் சந்தையில் ஆடுகள் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு காடு இரண்டு மந்தைக்குக் காணாது. சண்டை வருவதற்கு முன்பே பிரித்துக்கொள்வோம் என்று அக்காவும் தம்பியும் ஒரே பேச்சில் முடிவு செய்தார்கள். அக்காவுக்குப் பாதி என்பதில் தம்பிக்கு ஆட்சேபம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாதிக் காட்டில் ஒரு முழு மந்தை பிழைக்க வேண்டும். நல்ல பாதி கிடைத்தால் பிழைக்கும். எது நல்ல பாதி?

அவர்கள் பக்கத்தில் பங்கு பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவர் கோடு போட வேண்டும். இளையவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாததால் மூத்தவர் சரியாகப் பிரிப்பார். சாட்சியாக வந்திருந்த தாய்மாமன், மூத்தது பெண்ணாக இருந்தால் இந்த முறை செல்லுமா என்று இழுத்தார். "மூத்தது மூத்ததுதான மாமா, அவளே போடட்டும்" என்றார் தம்பி. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. வாய் திறந்து சொல்லாத அக்கா, கோடு போட்டால் மனதில் இருப்பதைக் காட்டித்தானே ஆக வேண்டும்? எனக்கும் அதே ஆவல்தான். இத்தனை ஆண்டு பார்த்தவர் என்பதால் தம்பி என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

அக்கா மேற்கே வேலியோரம் நின்று, சுண்ணாம்புக் கல் வரிசையைக் கையால் காட்டினார். "இதாங்க கோடு."

கரி போட்டது ஒரு பங்கு, போடாதது ஒரு பங்கு.

"ஏக்கா, எது நல்லதுன்னு சொல்லிப்போடு, நான் இன்னொண்ண எடுத்துக்கறேன்" என்றார் தம்பி.

"தெரீலடா சாமி."

"மூணு வருசமாப் பாக்கற!"

"பாக்கறேன், தெரீல."

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அட, குறுக்கால கோட்டப் போடு புள்ள. ஆளுக்குப் பாதிக் கரி, பாதி மண்ணு. பொழுது போகுது" என்றார்.

"வேண்டாங்க மாமா. குறுக்கால போட்டா ஒருத்தருக்கு மேடு, ஒருத்தருக்குப் பள்ளம். மேட்டுல தண்ணி நிக்காது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு ஒண்ணக் கொறச்சு வெக்க முடியுமுங்களா? இது எனக்குத் தெரியாது. அதனால இதான் சரிபாதி."

மாமா என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அக்கா சொன்னதில் தவறு எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. சரி என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

தம்பி என்னைத் தனியாக வெள்வேல மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க படிச்சவரு, பாத்தவரு. சொல்லுங்க சார்." நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். முதல் ஆண்டு வடக்கு மோசம், இரண்டாம் ஆண்டு இரண்டும் மோசம், மூன்றாம் ஆண்டு இரண்டும் நன்று, கடைசியில் வடக்கு சற்று மேல், அதுவும் நிழலால் இருக்கலாம். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "உங்களையும் அவள மாதிரி ஆக்கிப்போட்டாளே" என்றார்.

திரும்பி வந்து கரி போட்ட பாதியைத் தனக்கு என்றார். அக்கா பாடுபட்டது அந்தப் பாதியில்தான், பட்ட பாடு வீணாகாது என்பது அவர் சொன்ன காரணம். அக்காவின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று மூன்று பேரும் பார்த்தோம். "சரிடா" என்றார். ஆடுகளைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போனார். வாரத்துக்குள் கல் வரிசை மீது கம்பி வேலி வந்தது. நடுவில் போக வர மூங்கில் படல் ஒன்று.

கோடை மழைக்குத் தெற்கில்தான் புல் முதலில் எழுந்தது. தம்பி எனக்கு போன் செய்தார். "சார், நான் ஏமாந்துட்டனுங்களா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அதன்பிறகு மழை வரவில்லை. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் காய்ந்தது. தெற்குப் பாதியில் புல் வேரோடு பழுத்து, பிறகு தூளாகிவிட்டது. வடக்கிலும் செழிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கறுத்த மண்ணை ஒட்டி, கணுவில் பச்சை நின்றது. உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தம்பியின் ஆடுகள் அதைக் கரம்பிக்கொண்டிருந்தன. அக்காவின் ஆடுகளில் பாதிக்கு மேல் சினை. தழை ஒடித்துப் போட்டார். அதுவும் தீர்ந்துகொண்டு வந்தது.

நான் போன அன்று காலை தம்பி படலைக் கழற்றி வேலியில் சாத்திவிட்டு நின்றிருந்தார்.

"ஓட்டிட்டு வாக்கா, உள்ள."

"வேண்டாஞ் சாமி."

"எம் பங்கு உம் பங்குன்னு பாக்கறயா?"

"அதில்லடா. இதுக இந்தப் பக்கத்துலயே எதுவரைக்குந் தாங்குதுன்னு பாத்துட்டிருக்கறேன். அங்க வந்து மேஞ்சிருச்சுன்னா அப்பறம் எது எதனால தாங்குச்சுன்னு தெரியாமப் போயிரும்."

தம்பி சத்தம் போட்டார். "செனையாடு எலும்பா நிக்குது, நீ என்னத்தக்கா பாக்கற? செத்ததுக்கப்பறம் பாப்பயா?"

அக்கா படலுக்கு இந்தப் பக்கம், கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். ஆடுகள் அவர் பின்னால் வந்து கூடின. புல் வாசனை அவற்றுக்கு எட்டியிருக்க வேண்டும், ஒன்றையொன்று நெருக்கின. அவர் கோலை இறக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்தது மதிப்பா, பயமா என்று தெரியவில்லை. நடுவில் போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன்.

நெருக்கலில் ஒரு சினையாடு முன்கால் மடங்கி அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் குனிந்தார். கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டின் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று நர்ஸுகள் பார்ப்பது அப்படித்தான். மற்றக் கண்ணையும் பார்த்தார்.

"வெளுத்துப் போச்சு" என்றார்.

நிமிர்ந்து கோலை வேலிக்கு அப்பால் வீசினார். ஆடுகள் அவரை இடித்துக்கொண்டு படல் வழியாக உள்ளே பாய்ந்தன. உட்கார்ந்த ஆட்டை அவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கரி மண்ணில் இறக்கினார்கள். அது படுத்தபடியே வாயை நீட்டிப் புல்லைப் பிடித்தது. இரண்டு மந்தையும் கலந்துவிட்டன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இப்பவாச்சுஞ் சொல்லு. கரி போட்டது நல்லதுதான?"

"பசிச்ச வாயிடா இதுக. இதுகளச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது."

"அக்கா, நான் கேக்கறது என்னன்னா…"

அவர் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வாய்க்கு எட்டாத புல்லைக் கணுவோடு பிடுங்கி நீட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் கறுத்திருந்தன. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"சித்த பேசாம இரு. திங்கட்டும்."